திரிபோஷா பொதி வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது?

இலங்கை அரசாங்கம் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இலவசமாகத் தரும் சத்துமாவான திரிபோஷாவுக்குத் தட்டுப்பாடு என்றோ, கர்ப்பிணித் தாய்மாருக்கான போஷாக்குக் கொடுப்பனவு தாமதம் என்றோ செய்தி வரும்போதெல்லாம் கொழும்பில் இரண்டு விதமான பேச்சு எழும். "அந்த மாவைத் தின்றுதான் பிள்ளை வளர வேண்டுமா? எங்கள் அம்மாமார் என்ன தின்றார்கள்?" என்பது ஒன்று. "மா இல்லாவிட்டால் பிள்ளைகள் எல்லாம் நோஞ்சானாகத்தான் பிறக்கும்" என்பது மற்றது. நடுவில் யாராவது படித்தவர் வந்து, "ஆய்வுகளில் பார்த்தால் பிறக்கும் பிள்ளையின் நிறை வெறும் 40 கிராம்தான் கூடுகிறதாம்" என்று ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போவார்.

அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது, எந்தத் தாயைப் பற்றிச் சொல்கிறது என்று பார்க்காமல் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. அடியிலிருந்து வருவோம்.

இரண்டரைக் கிலோ என்ற கோடு

பிறந்தவுடன் நிறுத்துப் பார்க்கும்போது 2,500 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அது குறைந்த பிறப்பு நிறை. உலகம் முழுக்க இதுதான் அளவுகோல். இலங்கையில் 2016இல் நடந்த குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி ஏறக்குறைய 16 வீதமான குழந்தைகள் இந்தக் கோட்டுக்குக் கீழே பிறந்தார்கள். அதாவது கிட்டத்தட்ட ஆறில் ஒன்று. மலையகத் தோட்டப் பகுதிகளில் இது இன்னும் கூடுதல்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. சிசு மரணம் என்று பார்த்தால் தெற்காசியாவில் இலங்கைக்கு நல்ல பெயர். ஆயிரம் பிறப்புக்குப் பத்துக்கும் குறைவு. வீட்டுக்கு வரும் மிட்வைஃப், தெருமுனைக் கிளினிக், இலவச வைத்தியசாலை, பிரசவம் முழுக்க வைத்தியசாலையில் நடப்பது எல்லாம் சேர்ந்து பிள்ளைகளைச் சாவிலிருந்து காப்பாற்றிவிட்டன. ஆனால் நிறையை அதே வேகத்தில் தூக்கிவிட முடியவில்லை. சாவைத் தடுக்க ஒரு நல்ல வைத்தியசாலை போதும். நிறையைத் தூக்க அடுப்படி வரைக்கும் போக வேண்டும்.

ஒரு குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே போவதற்கு இரண்டு வழி உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதிப் பிரச்சினை.

1. குறைமாதம். 37 வாரம் முடியுமுன் பிறப்பது. நாள் போதவில்லை, அதனால் நிறை போதவில்லை.

2. வயிற்றிலேயே வளர்ச்சி குன்றுவது. நாள் நிறைந்திருக்கும், ஆனால் அந்த நாளுக்குரிய நிறை இராது. அதே வாரத்தில் பிறக்கும் 100 குழந்தைகளை நிறைப்படி வரிசையாக நிறுத்தினால் கடைசிப் பத்துக்குள் வருகிறவர்களை வைத்தியர்கள் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்.

சாப்பாட்டால் ஓரளவு மாற்றக்கூடியது பெரும்பாலும் இரண்டாவதுதான். குறைமாதப் பிரசவத்துக்குத் தொற்று, பிரஷர், இரட்டைப் பிள்ளை, கர்ப்பப்பை வாய்ப் பலவீனம் என்று வேறு காரணங்கள் வரிசையில் நிற்கும். ஆகவே "மா சாப்பிட்டும் ஏழு மாதத்தில் பிறந்துவிட்டதே" என்பது மாவுக்கு எதிரான சாட்சியம் இல்லை.

நிறை குறைந்து பிறந்த பிள்ளைக்கு உடம்புச் சூடு நிற்காது, பால் இழுக்கத் தெம்பு இராது, தொற்று சீக்கிரம் பிடிக்கும். இது உடனடிப் பாதிப்பு. நாட்பட்டது வேறு. 1980களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற வைத்திய ஆய்வாளர், பழைய பிறப்புப் பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தார். நிறை குறைந்து பிறந்தவர்கள் பிற்காலத்தில் இதய நோயால் இறப்பது கூடுதலாக இருந்தது. நீரிழிவிலும் இதே போக்கைப் பின்னால் வந்த ஆய்வுகள் கண்டன. தெருவுக்கு நாலு பேர் சீனி வருத்தக்காரர் இருக்கும் நம்முடைய ஊரில் இதை வெறும் வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது.

எந்த மாதத்தில் என்ன நடக்கிறது

இருபதாம் வாரத்தில், அதாவது பாதிக் கர்ப்பம் முடிந்த நிலையில், பிள்ளையின் நிறை கால் கிலோவை விடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். 28ஆம் வாரத்தில் ஒரு கிலோவைச் சுற்றி இருக்கும். மீதி எல்லாம் கடைசி மூன்று மாதத்தில் ஏறுவது. அதனால்தான் தாய்க்குத் தேவையான மேலதிகச் சக்தியும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. உலக சுகாதார அமைப்பும் உணவு, விவசாய அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நாளொன்றுக்கு:

1. முதல் மூன்று மாதம்: சுமார் 85 கலோரி. ஒரு வாழைப்பழம்.

2. நடு மூன்று மாதம்: சுமார் 285 கலோரி.

3. கடைசி மூன்று மாதம்: சுமார் 475 கலோரி. கூடவே 30 கிராம் அளவு மேலதிகப் புரதம்.

இங்கே கலோரி என்று சொல்வது சாப்பாட்டுப் பக்கெட்டுகளில் அச்சடித்திருக்கும் கிலோ கலோரியைத்தான். "இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்று மாமியார் சொல்வது அளவில் தப்பு. முதல் மாதங்களில் மிகவும் தப்பு. ஆனால் கடைசி மாதங்களில் ஒரு சின்னச் சாப்பாடே மேலதிகமாக வேண்டும் என்பது உண்மை.

அப்படியென்றால் ஆறாம் மாதத்திலிருந்து கவனித்தால் போதாதா? போதாது. பிள்ளைக்கு உணவு போகும் பாதையான நச்சுக்கொடி ஆரம்ப மாதங்களிலேயே உருவாகிவிடுகிறது. தண்டுவடம் உருவாகும் குழாய் மூடுவது கருத்தரித்த நான்கு வாரத்துக்குள். அந்த நேரத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரிந்திராது. ஃபோலிக் அமிலக் குளிசையைக் கலியாணம் ஆன கையோடு தொடங்கச் சொல்வது அதற்காகத்தான். பதின்மூன்றாம் வாரத்தில் கிளினிக்கில் போய்ப் பதிந்து வாங்குகிற ஃபோலிக் அமிலம் அந்தக் குழாயைப் பொறுத்தவரை பந்தி முடிந்த பிறகு வந்த பாயாசம்.

தாய் கர்ப்பத்துக்குள் எப்படி நுழைகிறாள் என்பதும் முக்கியம். முதல் கிளினிக்கில் உயரத்தையும் நிறையையும் அளந்து பி.எம்.ஐ. என்று ஓர் எண்ணைக் கார்டில் எழுதுவார்கள். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது அது. 18.5க்குக் கீழே என்றால் மெலிவு. மெலிந்த பெண் கர்ப்பகாலத்தில் 12.5 முதல் 18 கிலோ வரை ஏற வேண்டும், சாதாரண நிறையுள்ளவர் 11.5 முதல் 16 கிலோ, பருத்தவர் 7 முதல் 11.5 கிலோ. மெலிந்தவர்தான் அதிகம் ஏற வேண்டியவர். ஆனால் மெலிந்தவர் வீட்டில்தான் பெரும்பாலும் பானையும் மெலிந்திருக்கும்.

குறைநிரப்பு என்றால் எது?

சாப்பாட்டில் இருக்கும் குறையை நிரப்ப மேலதிகமாகக் கொடுக்கும் குளிசை, மா எல்லாவற்றையும் "சத்து மருந்து" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். நான்கு வேறு விஷயங்கள் இதற்குள் ஒளிந்திருக்கின்றன.

1. இரும்பும் ஃபோலிக் அமிலமும். அரசாங்கக் கிளினிக்கில் இலவசமாகத் தருவது. கூடவே விற்றமின் சி, கல்சியம், பூச்சிக் குளிசை. இவை குருதிச்சோகையைக் குறைக்கும். பிள்ளையின் நிறையை இவற்றால் மட்டும் பெரிதாகத் தூக்க முடியாது.

2. பல்சத்துக் குளிசை. இரும்பு, ஃபோலிக் அமிலத்தோடு அயடீன், துத்தநாகம், பி வகை விற்றமின்கள் என்று 15 சத்துகளை ஒரே குளிசையில் அடைத்தது. வங்காளதேசத்தில் ஏறக்குறைய 45,000 கர்ப்பிணிகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2014இல் வந்தது. இரும்பும் ஃபோலிக்கும் மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், நிறை குறைந்து பிறப்பது 12 வீதம் குறைந்திருந்தது.

3. சமநிலை உணவு. சக்தியும் புரதமும் சேர்ந்த உணவு. மொத்தச் சக்தியில் புரதத்திலிருந்து வருவது 25 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இதற்கு வரைவிலக்கணம்.

4. உயர் புரத உணவு. புரதம் 25 வீதத்துக்கு மேல்.

நான்காவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பார்மசியில் கண்ணாடி அலுமாரிக்குள் அழகான டின்னில் இருக்கும் சில புரத மாக்களுக்குக் கொழும்பில் ஒரு தனி மரியாதை உண்டு. இருக்கிற காசைத் திரட்டி அதை வாங்கிவரும் கணவன்மாரைக் குறை சொல்லவும் மனம் வராது. ஆனால் 1970களில் நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில், வறிய கர்ப்பிணிகள் மத்தியில், புரதம் செறிந்த பானத்தை வைத்து ஒரு சோதனை நடந்தது. பிள்ளைகள் பெருக்கவில்லை. பானம் குடித்தவர்கள் மத்தியில் மிக முன்னதாகப் பிறப்பதும், பிறந்த சில நாளில் இறப்பதும் கூடுதலாகக் காணப்பட்டன. உலக சுகாதார அமைப்பின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி, போஷாக்குக் குறைந்த சமூகங்களில் கர்ப்பிணிகளுக்கு உயர் புரதக் குறைநிரப்பைப் பரிந்துரைக்கவில்லை. வைத்தியர் ஒரு காரணத்துக்காக எழுதித் தந்தால் அது வேறு. விலை கூடிய டின் என்றால் சத்தும் கூட என்று எடுத்துக்கொள்வதுதான் பிழை.

சமநிலை உணவைப் பற்றி அதே வழிகாட்டி சொல்வது: ஒரு சமூகத்தில் பெண்களில் 20 வீதத்துக்கு மேல் மெலிந்தவர்கள் என்றால், அங்கே கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்கலாம். குழந்தை இறந்து பிறப்பதும் வளர்ச்சி குன்றிப் பிறப்பதும் குறையும்.

அந்த 40 கிராம் எங்கிருந்து வந்தது

பல நாடுகளில் நடந்த சோதனைகளைச் சேர்த்து எடை போட்ட கொக்ரேன் தொகுப்பு ஒன்று 2015இல் வந்தது. சமநிலை உணவு பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 41 கிராம் கூடுதலாக இருந்தார்கள். இவ்வளவோடு நிறுத்திக்கொள்பவர்கள் அதே தொகுப்பின் அடுத்த வரிகளைப் படிப்பதில்லை. வளர்ச்சி குன்றிப் பிறப்பது 21 வீதம் குறைவு. இறந்து பிறப்பது 40 வீதம் குறைவு.

41 கிராம் எப்படி 40 வீதத்தைத் தந்தது? சராசரி என்பது ஒரு சாம்பார் மாதிரி, எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும். ஐந்து பேரில் நான்கு பேர் ஏற்கெனவே போதியளவு சாப்பிடுகிறவர்கள் என்று வைப்போம். அவர்களுக்கு மா கொடுத்தாலும் பிள்ளையின் நிறை அசையாது. ஐந்தாமவள் பட்டினியில் இருப்பவள், அவள் பிள்ளைக்கு 200 கிராம் கூடுகிறது. ஐந்தையும் சேர்த்து வகுத்தால் 40. அந்த 40 கிராம் யாருக்குமே கூடவில்லை. நான்கு பேருக்குச் சூன்யம், ஒருத்திக்கு 200.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. மேற்கு ஆபிரிக்காவின் காம்பியாவில் கிராமங்களில் நடந்த சோதனையின் முடிவு 1997இல் வந்தது. நிலக்கடலை சேர்த்த பிஸ்கட், நாளுக்கு ஆயிரம் கலோரி அளவுக்கு, ஐந்தாம் மாதத்திலிருந்து. வயலில் வேலை கூடி வீட்டில் தானியம் தீர்ந்துபோகிற பஞ்ச மாதங்களில் பிறந்த பிள்ளைகளுக்குச் சராசரியாக 201 கிராம் கூடியது. அறுவடை மாதங்களில் 94 கிராம்தான். அதே ஊர், அதே பிஸ்கட். மாறியது பசி மட்டும்.

பசியின் பக்கத்தை இரண்டாம் உலகப் போர் காட்டியது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போவதை ஜேர்மன் படை தடுத்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் அந்தப் பஞ்சத்தில் கழிந்த தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 300 கிராம் வரை குறைந்து பிறந்தார்கள். அதற்கு முன் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பெண்கள்தான் அவர்களும்.

நமக்குக் கிட்டிய உதாரணம் மும்பைச் சேரிகள். 2006 முதல் 2012 வரை, கர்ப்பத்துக்கு முன்பிருந்தே, கீரை, பழம், பால் சேர்த்துத் தினமும் புதிதாகச் செய்த சிற்றுண்டியைப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் நிறையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கருத்தரிக்க மூன்று மாதத்துக்கு மேல் முன்பே தொடங்கியவர்களுக்கு 48 கிராம். ஆனால் மிக மெலிந்த பெண்களின் பிள்ளைகளுக்கு ஒன்றும் கூடவில்லை, ஓரளவு சதைப்பிடிப்பு உள்ளவர்களுக்குத்தான் கூடியது. காம்பியாவுக்கு நேர்மாறாகத் தெரிகிறது அல்லவா? அளவைப் பாருங்கள். காம்பியாவில் ஆயிரம் கலோரி. மும்பையில் 165 கலோரி போல. உடம்பே கடனில் கிடக்கும் பெண்ணுக்கு 165 கலோரி கொடுத்தால், அந்த உடம்பு முதலில் தன் கடனை அடைக்கும் என்பது ஒரு விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

இந்த இரண்டு சோதனைகளுக்கும் பொதுவான ஒன்று கட்டுரைகளில் ஓரமாக ஒரு வரியில் இருக்கும். காம்பியாவில் ஊர் மருத்துவச்சி முன்னால் உட்கார்ந்துதான் பிஸ்கட் சாப்பிட வேண்டும். மும்பையிலும் அப்படித்தான், மையத்துக்கு வந்து, கண்முன்னே. வீட்டுக்குக் கொடுத்து அனுப்பவில்லை.

இனி நம்முடைய பொதிக்கு வருவோம்

திரிபோஷா திட்டம் 1973இல் கெயார் என்ற சர்வதேச உதவி அமைப்பினதும் அமெரிக்க உதவி நிறுவனத்தினதும் துணையோடு தொடங்கியது. முதலில் அமெரிக்காவிலிருந்து வந்த சோள, சோயாக் கலவை. பிறகு உள்ளூர்ச் சோளம். ஜா-எலப் பக்கம் தொழிற்சாலை. பெயருக்குச் சிங்களத்தில் மூன்று போஷாக்கு என்று பொருள்: சக்தி, புரதம், நுண்சத்து. சோளமும் சோயாவும் பால்மாவும் விற்றமின், கனியக் கலவையும் சேர்ந்தது. ஏற்கெனவே வேகவைத்த மா, அதனால் அடுப்பில் ஏற்றாமலே சாப்பிடலாம். கர்ப்பிணிகளுக்கும், பிள்ளை பெற்று ஆறு மாதம் வரை பாலூட்டும் தாய்மாருக்கும், நிறை குறைந்த சிறு பிள்ளைகளுக்கும் இலவசம்.

மாதம் இரண்டு பொதி, ஒவ்வொன்றும் 750 கிராம். நாளுக்கு 50 கிராம். அதில் சுமார் 200 கலோரி, 10 கிராம் புரதம். புரதத்திலிருந்து வரும் சக்தி 40 கலோரி, அதாவது 20 வீதம். ஆக, 25 வீதக் கோட்டுக்குள் நிற்கும் முறையான சமநிலை உணவு இது. செய்முறையில் குறையே இல்லை.

இப்போது பொதியோடு வீட்டுக்குப் போவோம். கொழும்பில், முகத்துவாரத்திலோ வனாத்தமுல்லையிலோ ஓர் ஒற்றை அறை வீடு. தாய், கணவன், பாடசாலை போகும் ஒன்று, மூன்று வயதில் ஒன்று, கூடவே மாமியார். பின்னேரம் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடிக்கிறாள். கை கழுவுவதற்குள் பெரியவன் ஒன்றை எடுத்துவிட்டான். சின்னது அழுகிறது, அதற்கு ஒன்று. மாமியார் கேட்கவில்லை, ஆனால் அவருக்குத் தராமல் சாப்பிட இவளால் முடியாது. பாத்திரத்தில் கடைசியாக ஒட்டிக்கிடப்பதை விரலால் வழித்து அவள் சாப்பிடுகிறாள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

1. முழுதும் அவளே சாப்பிட்டால் 200 கலோரி. கடைசி மூன்று மாதத் தேவையான 475இல் பாதிக்கும் குறைவு.

2. நான்கு பேர் சமமாகப் பங்கிட்டால் அவளுக்கு 50 கலோரி.

3. மாதப் பொதி பத்து நாளில் தீர்ந்துவிட்டால், மீதி இருபது நாளும் சூன்யம்.

4. இதற்கு மேல், மா கிடைக்கிறது என்ற தைரியத்தில் அவளுடைய சோற்றின் பங்கு குறைந்தால், மேலதிகம் என்பதே இல்லை. ஒன்றின் இடத்தில் இன்னொன்று, அவ்வளவுதான். ஆய்வாளர்கள் பதிலீடு என்று சொல்வது இதைத்தான்.

ஆகவே "திரிபோஷாவால் பலன் இல்லை" என்று ஒருவர் சொன்னால், எத்தனை கலோரி யாருடைய வயிற்றுக்குப் போனது என்பதையும் அவர் சொல்லியாக வேண்டும். உலக ஆய்வுகள் சாப்பிட்ட உணவை அளந்தன. நம்முடைய பதிவேடுகள் பொதுவாகக் கொடுத்த பொதியை எண்ணுகின்றன. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் கணக்கு பிசகும் இடம்.

பங்கிடுகிற தாயைக் கண்டிப்பதாலும் ஒன்றும் ஆகாது. "இது உங்களுக்கு மட்டும்" என்று கிளினிக்கில் ஆயிரம் முறை சொல்கிறார்கள், அவளும் தலையாட்டிவிட்டுத்தான் வருகிறாள். பசித்த பிள்ளைக்கு முன்னால் அந்த அறிவுரை நிற்காது. பங்கு போகும் என்பதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துப் பொதியைப் பெரிதாக்கலாம், அல்லது மற்றப் பிள்ளைகளின் பசிக்குத் தனி வழி பார்க்கலாம். பாடசாலையில் பகல் உணவு ஒழுங்காக நடந்தால் அதன் பலன் வீட்டிலிருக்கும் கர்ப்பிணியின் தட்டிலும் தெரியும். இரண்டும் வேறு வேறு திட்டம் என்று கோப்புகளில்தான் பிரித்திருக்கிறது. அந்த ஒற்றை அறையில் எல்லாம் ஒரே பானை.

காசாகத் தந்தால்?

2015இல் கர்ப்பிணிகளுக்கான போஷாக்குக் கொடுப்பனவு தொடங்கியது. மாதம் 2,000 ரூபாய் வீதம் பத்து மாதம், மொத்தம் 20,000. பிற்பாடு மாதம் 4,500 ஆக உயர்ந்தது. கையில் காசாக அல்லாமல் உணவுப் பொருள் வாங்கும் வவுச்சராகக் கொடுப்பது வழக்கம்.

இதன் பலம், தாய் தனக்குப் பிடித்ததை, தன் வீட்டுச் சமையலில் கலக்கக்கூடியதை வாங்கலாம் என்பது. முட்டை, நெத்தலி, பருப்பு, கடலை. பலவீனம், ரூபாய்க்கு ஏறிய விலையைத் தடுக்கத் தெரியாது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்திய ஆண்டு வாங்கியதை வாங்க ஏறக்குறைய இரட்டிப்புக் காசு. அந்த மாதத்தில் 2,000 ரூபாய் என்பது பாதிக் கொடுப்பனவு. மா அப்படி இல்லை, 750 கிராம் என்றால் எந்த விலைவாசியிலும் 750 கிராம்தான்.

ஆனால் மாவுக்கு வேறு வினை. அதே காலத்தில் சோளம் கிடைக்காமல் உற்பத்தி தடுமாறியது. இரசாயன உரத் தடைக்குப் பிறகு உள்ளூர் விளைச்சல் சரிந்தது, இறக்குமதிக்கு டொலர் இல்லை. அப்புறம் அஃப்லாடாக்சின் சர்ச்சை. ஈரம் போகாமல் சேமித்த சோளத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை விடும் நஞ்சு அது. கண்ணுக்குத் தெரியாது, வேகவைத்தாலும் முழுதாகப் போகாது, நாட்பட உடம்பில் சேர்ந்தால் ஈரலைக் கெடுக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சங்கம் அளவு கூடிவிட்டது என்றது, சுகாதார அமைச்சு மறுத்தது. யார் பக்கம் உண்மை என்பதை விட, அந்தச் சில வாரங்களில் எத்தனை தாய்மார் பொதியை மூலையில் வைத்துவிட்டார்கள் என்பதே என்னை யோசிக்க வைத்தது. சத்துணவுக்கு நம்பிக்கையும் ஒரு மூலப்பொருள். சோளம் காய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து, முடிவை மூன்று மொழியிலும் வெளியில் ஒட்டிவிட்டால் பாதி வதந்தி அடங்கும்.

கொழும்புக்கே உரிய சில சிக்கல்கள்

மெலிவு மட்டுமே நகரத்தின் பிரச்சினை என்றால் எல்லோருக்கும் ஒரே பொதி என்பது சரி. ஆனால் அதே ஒழுங்கையில், அடுத்தடுத்த வீட்டில், 42 கிலோவில் ஒருத்தியும் 78 கிலோவில் ஒருத்தியும் கர்ப்பமாக இருப்பது இங்கே சாதாரணம். பின்னவளுக்கும் சத்துக் குறை இருக்கலாம். பாணும் சீனியும் சோறுமாக வயிறு நிறையும், இரும்புச்சத்து இராது. அவளுக்குக் கலோரி கூட்டுவது கர்ப்பகால நீரிழிவுக்கு வழி திறக்கும். அவளுக்குத் தேவை பல்சத்துக் குளிசையும் தட்டில் மாற்றமும். முதல் கிளினிக்கில் எழுதும் அந்த பி.எம்.ஐ. எண்ணைப் பார்த்துப் பொதியின் அளவைத் தீர்மானிப்பதுதான் அறிவுக்கு ஒத்த வழி.

பிள்ளை பெருத்தால் வயிறு வெட்ட வேண்டி வரும் என்று பயந்து கடைசி மாதங்களில் சாப்பாட்டைக் குறைக்கிற பெண்களும் இருக்கிறார்கள். பிள்ளை அதிகம் வளர வேண்டிய மாதங்கள் அவை. இரண்டேகால் கிலோப் பிள்ளையை இரண்டே முக்கால் ஆக்குவதால் சிசேரியன் வராது. பிள்ளை மிதமிஞ்சிப் பெருப்பதற்குக் கட்டுப்பாடில்லாத சீனி வருத்தம் ஒரு முக்கிய காரணம். ஒரு கரண்டி பருப்புக்கு அந்தப் பழி வேண்டாம்.

குளிசை விஷயத்தில் இரண்டு சின்னக் காரியம் பெரிய வித்தியாசம் தரும். இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, கல்சியம் இரும்பை உறிஞ்ச விடாது. தேத்தண்ணீரும் அப்படியே. சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணித்தியாலமாவது தள்ளிப்போட்டால், கொடுத்த இரும்பு வீண் போகாது. கிளினிக்கில் விற்றமின் சியைச் சேர்த்துத் தருவது இரும்பு நன்றாகச் சேரத்தான். அது தீர்ந்துபோன மாதத்தில் தேசிக்காய்த் தண்ணீர் போதும். குளிசை ஒழுங்காக எடுத்தும் குருதிச்சோகை குறையவே இல்லையென்றால் பரம்பரையாக வரும் இரத்தக் கோளாறான தலசீமியா போன்ற வேறு காரணம் இருக்கலாம். அப்போது குளிசையைக் கூட்டுவதில் பயனில்லை, வைத்தியரிடம் கேட்டு இரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு வெளியே இருக்கும் காரணங்களையும் பெயராவது சொல்லிவிட வேண்டும். பதினெட்டு முடியுமுன் கர்ப்பம், ஒரு பிள்ளைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி இல்லாமை, ஜன்னல் இல்லாத அறையில் கணவன் பிடிக்கும் சிகரெட், மண்ணெண்ணெய் அடுப்புப் புகை, நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. தாயின் உயரமும் ஒன்று. அவள் குட்டையாக இருப்பதற்கு அவளுடைய சிறுவயதுப் பசி ஒரு காரணமாக இருக்கலாம். அதை இந்த ஒன்பது மாதத்தில் மாற்ற எந்தப் பொதியாலும் முடியாது.

பிறந்த பிறகு

வைத்தியசாலையில் நிறை எழுதி, பையன் என்றால் நீலமும் பெண் என்றால் இளஞ்சிவப்புமான அந்தப் பிள்ளைக் கொப்பி கைக்கு வந்ததும் வீட்டின் கவனம் முழுக்கப் பிள்ளை மேல் திரும்பிவிடும். வருகிறவர்கள் பிள்ளைக்குச் சவர்க்காரமும் பவுடரும் கொண்டுவருவார்கள். தாய்க்கு ஒரு தட்டு முட்டை கொண்டுவருபவர் அபூர்வம்.

ஆனால் கலோரிக் கணக்கில் தாய்க்கு மிகப் பெரிய தேவை அப்போதுதான் தொடங்குகிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க, நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி மேலதிகம் வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதத்தை விடவும் கூடுதல். அது தட்டிலிருந்து வராவிட்டால் அவளுடைய சதையிலிருந்து போகும், அடுத்த கர்ப்பத்துக்கு இன்னும் மெலிந்துதான் நுழைவாள். பாலூட்டும் ஆறு மாதத்துக்கும் திரிபோஷா உரித்தானது. பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர்கள், வாடகை வீடு மாறியவர்கள் பலர் பழைய கிளினிக்கிலிருந்து விலகி, புதிய இடத்தில் பதியாமல் இந்த ஆறு மாதத்தையும் விட்டுவிடுகிறார்கள். புதிய இடத்து மிட்வைஃபிடம் கார்டைக் கொண்டுபோய்க் காட்டிப் பதிந்துகொள்ளலாம். பிரிவு மாறினாலும் உரிமை மாறாது.